திட்டைத் தனியாகப் படிக்காதே

போன மாதம் பர்வீன் போன் பண்ணி, "அக்கா, ஏலத்தத் தூக்கிட்டாங்கக்கா" என்றாள். எனக்குப் பகீரென்றது. கடையைத்தான் யாரோ தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் கெட்டதுதான் தோன்றும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

அவள் நிதானமாக விளக்கினாள். நாங்கள் சாமான் விற்றுவந்த இணையதளத்தில் இனிமேல் ஏலம் கிடையாதாம். ஒரே விலைதான், பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம். வாங்கினவர் கோபமாக எதையாவது எழுதினால் அதற்குப் பதில் போடக்கூட மெஷின் வந்துவிட்டதாம். உங்கள் சிரமம் புரிகிறது, மன்னிக்கவும் என்று அதுவே எழுதிக்கொள்கிறதாம்.

"அப்ப நீ இன்னா பண்ற?" என்று கேட்டேன்.

"நான் டீ குடிச்சினு கீறேன்" என்றாள்.

சிரித்துவிட்டுப் போனை வைத்தோம். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பர்வீன்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் பழைய நாள் கதையைச் சொன்னால் கதை விடுகிறாள் என்று சிரிக்கிறார்களாம். நீயே எழுதிக் கொடு அக்கா, உன் பேரைப் போட்டு எழுதினால் நம்புவார்கள் என்று மறுநாள் திரும்பவும் போன் பண்ணினாள். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வல்லத்துக்கு முன்னால் இருக்கிறது. கடை என்று சொன்னாலும் பார்க்கத் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகைதான். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் மாடல் மாறினால் மெஷின் லைனையே பிரித்துப் போடுவார்கள். மோட்டார், கியர்பாக்ஸ், காற்று வால்வு, மீட்டர், சென்சார் எல்லாம் ஒரே குவியலாக இரும்பு விலைக்கு வெளியே வரும். அதில் இன்னும் உயிரோடு இருக்கிறதைப் பொறுக்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்து, இணையத்தில் ஏலம் விடுவதுதான் எங்கள் தொழில். எங்கேயோ ஓர் ஊரில் பழைய மெஷின் வைத்திருக்கிற ஆளுக்கு அந்த ஒரு சாமான் கிடைக்காமல் தொழிலே நின்றிருக்கும். அவர் தேடித் தேடிக் கடைசியில் எங்களிடம் வந்து நிற்பார்.

அதற்கு முன்னால் நான் ஷூ கம்பெனியில் கொஞ்ச காலம், அப்புறம் வண்டிக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் நிறைய காலம் இருந்தேன். அங்கே கடைசி டேபிளில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. அந்த லைனை மூடினபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

கொட்டகையின் முதலாளி ஞானப்பிரகாசம் சார். தண்டலம் பக்கத்து ஆள். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டு வெளியே வந்தவர். வேலை கேட்டுப் போன அன்றைக்கு என் கையில் ஒரு சின்ன மோட்டாரைக் கொடுத்து, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். வயர் முனை கறுத்திருக்கிறது, ஒரு ஸ்க்ரூ மட்டும் வேறு கலரில் இருக்கிறது, ஆட்டினால் லேசாகச் சத்தம் வருகிறது, வழியில் கீழே போட்டால் இந்த மூலைதான் முதலில் உடையும் என்று எனக்கு வந்த பயத்தையெல்லாம் கொட்டிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். எதையாவது முடிவெடுக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"எனக்குப் பயப்படற ஆளுதாம்மா வேணும். நாளைக்கே வந்துடு."

என் வாழ்க்கையில் என் பயத்தைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சார் கடையில் ஒரு சட்டம் இருந்தது. சாமானைப் பற்றி எழுதும்போது குறையைத்தான் முதலில் எழுத வேண்டும். மற்ற கடைக்காரர்கள் "சூப்பர் கண்டிஷன்" என்று ஆரம்பிப்பார்கள். நாங்கள் "குறைகள்:" என்று ஆரம்பிப்போம். பெயிண்ட் உரிந்திருக்கிறது, மூடி இல்லை, பச்சை விளக்கு மங்கலாக எரிகிறது, பக்கவாட்டில் ஒரு கீறல், அது ஆழமில்லை, நகத்தால் தடவினால் தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் "ஓடுகிறது" என்ற ஒரு வார்த்தை வரும். வாங்குகிற ஆட்கள் சிலர், ஏம்மா நீ விற்கப் பார்க்கிறாயா, விரட்டப் பார்க்கிறாயா என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஏலத்துக்கு வருவார்கள்.

ஏலத்தை முடிக்கிற நேரத்தையும் சார்தான் யோசித்து வைத்தார். இங்கே கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். மெயின்டனன்ஸ் ஆட்களில் நிறையப் பேர் ஊரில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டிருப்பார்கள். அவர்கள் கையில் போன் வருவது முதல் ஷிப்ட் விட்டு பஸ் ஏறின பிறகுதான். அதனால் எங்கள் ஏலமெல்லாம் கம்பெனி பஸ்கள் ரோட்டில் ஊர்கிற நேரத்தில்தான் முடியும். ஒரகடம் ஜங்ஷனில் பஸ் மாட்டிக்கொண்டால் எங்களுக்கு யோகம். கொட்டகை வாசலில் நின்று பார்த்தால் வெள்ளை பஸ் வரிசையாக நிற்கும், உள்ளே கம்ப்யூட்டரில் விலை ஏறிக்கொண்டிருக்கும். பர்வீன் வாசலுக்கும் மேஜைக்குமாக ஓடுவாள். "அக்கா, மூணாவது பஸ்ல ஜன்னலோரம் ஒரு ஆளு போன குத்து குத்துன்னு குத்தினு கீறான், நம்ம மோட்டாருதான் போலகீது" என்பாள். பஸ் நகர்ந்ததும் விலையும் நின்றுவிடும். தூரத்து ஊர் ஆட்களுக்கு இது ஏன் இந்த நேரம் என்று புரியாது. எங்களுக்குப் புரியும். இன்றைக்கும் அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் என் காது தானாக நிமிர்கிறது.

நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஏலத்தில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. ஜெயித்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் உண்டு. ஒருவர் மோட்டாரை வைத்துக்கொண்டு பெட்டியில் செங்கல்லை வைத்துத் திருப்பி அனுப்பினார், நாங்கள்தான் செங்கல்லை அனுப்பினோம் என்று புகாரும் செய்தார். அதிலிருந்து, திரும்பி வருகிற பார்சல் எதுவானாலும் வீடியோ எடுத்துக்கொண்டேதான் பிரிப்போம். பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்ட வேண்டும், முகவரிச் சீட்டைக் காட்ட வேண்டும், அப்புறம் டேப்பை அறுத்து உள்ளே இருப்பதைக் கடைசிப் பொருள் வரைக்கும் காட்ட வேண்டும். நடுவில் கேமராவை நிறுத்தக் கூடாது. சார் போனைப் பிடிப்பார், நான் பிரிப்பேன்.

வாங்கினவர்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. முதல் சில வருஷம் தாக்குப் பிடித்தேன். அப்புறம் உடம்பு கேட்கவில்லை. செய்தி வந்தால் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்குக் குக்கரில் கேட்க ஆரம்பித்தது, ஷேர் ஆட்டோவில் கேட்க ஆரம்பித்தது. மதியச் சோறு இறங்காது. பேக் பண்ணின பெட்டியைத் திரும்பப் பிரித்து சாமான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன், டேப் போட்டுவிட்டு மறுபடி பிரிப்பேன். சார் அதைக் கவனித்துவிட்டு, டேப் போட்டதும் அதன் மேலே பேனாவால் குறுக்கே ஒரு கோடு கிழிக்க ஆரம்பித்தார். கோடு போட்ட பிறகு அது உன் சாமான் இல்லை, வாங்கினவன் சாமான், தொடாதே என்று சொல்லிவிட்டார்.

செய்திக்கும் ஒரு வழி வைத்தார். ஒருநாள் ஒரு திட்டுச் செய்தியைப் படித்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கோபப்படவில்லை. பர்வீனைக் கூப்பிட்டார்.

"திட்டு எழுதுறவன் தனியா உக்காந்து எழுதுறான். அத நாம எதுக்குத் தனியா உக்காந்து படிக்கணும்? இனிமே டீ வந்தப்புறம், எல்லாரும் இருக்கும்போது, பர்வீன் சத்தமாப் படிப்பா. அதுக்கு முன்னாடி யாரும் தொறக்கக் கூடாது."

பர்வீன் தினமும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வருகிறவள். ஸ்டேஷனில் நின்று நின்று ரயில்வே அறிவிப்பு அவளுக்கு அப்படியே மனப்பாடம். அந்தக் குரலிலேயே படிப்பாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மதுரையிலிருந்து வந்துகொண்டிருக்கும் நாசமாப் போங்கடா, இன்னும் சற்று நேரத்தில் ஒன்றாவது மேஜைக்கு வந்து சேரும்." டீ குடிக்கிறவர்களுக்குப் புரையேறும். சார் மட்டும் சிரிக்காமல் நின்றுகொண்டே கேட்பார். செய்தி கேட்கும்போது அவர் உட்கார மாட்டார். முடிந்ததும், "சரி, இதுல திட்டு எவ்ளோ, சங்கதி எவ்ளோ?" என்பார். திட்டை எடுத்துவிட்டுச் சங்கதிக்கு மட்டும் நான் பதில் எழுத வேண்டும்.

இந்த வழியெல்லாம் இருந்தும் ஒருவரிடம் நான் திணறிவிட்டேன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பெருந்துறைப் பக்கம் முறுக்கு போட்டு பாக்கெட்டில் விற்கிறவர் அவர். பாக்கெட் போடுகிற மெஷினில் பிளாஸ்டிக் ஷீட் சுருளாக வரும். அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் அச்சடித்திருக்கும். மெஷினில் இருக்கிற சென்சார் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் கத்தி சரியான இடத்தில் இறங்கும், பார்க்காவிட்டால் கண்ட இடத்தில் இறங்கும். அவர் மெஷின் பழையது, அதற்கான சென்சாரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் ஒன்று இருந்தது. ஏலத்துக்கு முன்னால் அவர் எழுதினதெல்லாம் அவ்வளவு மரியாதை. "ஏனுங்க, இது நெசமாவே ஓடுமுங்களா? தீபாவளி ஆர்டர் இருக்குதுங்க" என்று கேட்டிருந்தார். நான் குறையெல்லாம் எழுதி, ஓடும் என்று எழுதினேன். நவராத்திரி ஆரம்பத்தில் சாமான் போய்ச் சேர்ந்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்தால் அவரிடமிருந்து செய்தி வந்து கிடக்கிறது. டீ வந்தது, பர்வீன் ஸ்டேஷன் குரலில் ஆரம்பித்தாள், பாதியில் அந்தக் குரல் அவளுக்கே வரவில்லை. யோவ் ஃபிராடு என்று ஆரம்பித்திருந்தார். மாட்டின அன்றைக்கு ஓடினதாம், விடுமுறை முடிந்து போட்டால் ஓடவில்லையாம். சாகக் கிடந்ததைத் துடைத்து விற்றுவிட்டாய், என் தீபாவளியில் மண்ணைப் போட்டாய், உன் பிள்ளைகுட்டி விளங்காது. நான் ஆம்பளை என்று நினைத்து எழுதியிருக்கிறார். கூடவே ஒரு படம். பாக்கெட் குவிந்து கிடக்கிறது. அவர் பாக்கெட்டில் தும்பிக்கையில் முறுக்கு மாட்டின ஒரு யானை சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு பாக்கெட்டில் யானையின் பின்பக்கம், அடுத்த பாக்கெட்டில் தலை. முறுக்கு எங்கேயோ தொங்குகிறது.

சார் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதச் சொன்னார். எழுதினேன். உடனே பதில் வந்தது: "உன் காசு யாருக்கு வேணும். எனக்கு யானை முழுசா வேணும்."

அதோடு இணையதளத்தில் புகாரும் கொடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் எங்கள் மேல் ஏற்கெனவே செங்கல்காரருடையதும் இன்னொருவருடையதுமாகப் புகார்கள் நின்றிருந்தன. இதுவும் நிலைத்தால் எங்கள் கணக்கை மூடிவிடுவார்கள் என்று இணையதளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. கணக்கு போனால் கடை போன மாதிரிதான். வேறு எங்கே போய் விற்பது? சாருக்கு வயதாகிவிட்டது, பர்வீன் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

தினமும் செய்தி வந்தது. தினமும் டீ வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் அந்த சென்சாரைச் சோதித்தது நன்றாக நினைவிருக்கிறது, இருந்தாலும் எனக்கு என் மேலேயே சந்தேகம். சோதித்தேனா, வேறு ஒன்றைச் சோதித்தேனா? குளிக்கும்போது யோசனை, சோறு வடிக்கும்போது யோசனை. ஒருநாள் காலையில் கொட்டகை வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். சார் வெளியே வந்தார்.

"என்னால முடில சார். வேற ஆள வெச்சிக்குங்க" என்றேன்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். "போறதுன்னா போம்மா. நான் புடிச்சி வெக்கல. ஆனா இவன் கேஸோட போனின்னா இவன உன் கூடவே வூட்டுக்கு இட்டுனு போயிடுவ. இத முடிச்சிட்டுப் போ."

அது சரி என்று பட்டது. உள்ளே போனேன்.

அன்றைக்குப் பெருந்துறைக்காரர் ஆதாரம் என்று இன்னும் படங்கள் அனுப்பியிருந்தார். அதில் ஒன்று மெஷினை முழுதாக எடுத்தது. மாலை வாடிப்போய்த் தொங்குகிறது. மோட்டாரில் சந்தனம் குங்குமம், சுவிட்ச் பெட்டியில் சந்தனம் குங்குமம், கத்தியில் இருக்கிறது, எண்ணெய் டப்பாவில் இருக்கிறது. சென்சார் ஷீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகிலும் ஒரு பொட்டு.

எனக்கு எங்கள் கடைப் பூஜை ஞாபகம் வந்தது. சார் கிறிஸ்தவர், பர்வீன் முஸ்லிம். இருந்தாலும் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்குவது சார், வாசலில் தண்ணீர் தெளிப்பது பர்வீன், பொட்டு வைப்பது நான். ஒன்றை விட்டுவிட்டால் சாமி கோபித்துக்கொண்டு அதிலேயே ஏதாவது ஆக்கிவிடுமோ என்று எனக்குப் பயம். தராசு, கத்தரிக்கோல், டேப் சுற்றுகிற கட்டை எல்லாவற்றுக்கும் வைத்தேன். போட்டோ எடுக்கிற போனுக்கும் முதுகில் வைத்தேன். விடுமுறை முடிந்து எடுத்த படமெல்லாம் ஒரே மூட்டம். "இன்னாக்கா, மோட்டாருக்கு ஜுரம் வந்த மாரி கீது" என்றாள் பர்வீன். பார்த்தால் கேமராக் கண்ணிலேயே குங்குமம் அப்பியிருந்தது.

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் டப்பாவைக்கூட விடாமல், பயந்து பயந்து ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டு போகிற கை எனக்குத் தெரிந்த கை. சென்சாரின் முதுகுக்கு வைத்தவர் முகத்துக்கு வைக்காமலா இருப்பார்? இத்தனை நாளாக யோவ் யோவ் என்று திட்டின ஆளும் என்னைப் போலவே ஒரு பயந்தாங்கொள்ளிதான் என்று தோன்றியதும் பக்கத்தில் ஆறிக் கிடந்த டீயை எடுத்துக் குடித்தேன்.

உடனே அடுத்த பயம் வந்தது. நீதான் பொட்டு வைத்துக் கெடுத்தாய் என்று எழுதினால் அந்த மனிதர் இன்னும் எகிறுவார். பொட்டே இல்லாவிட்டால்? சாமி விஷயத்தில் கை வைத்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டினால்? சாரிடம் சொன்னேன். சார் நின்றுகொண்டே கேட்டார்.

"அவன் பண்ணத எழுதாத. நீ பண்ணத எழுது."

எழுதினேன், அடித்தேன், எழுதினேன். சார் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் குறைத்தார். கடைசியில் நின்றது இதுதான்: "வணக்கம். எங்கள் கடையில் ஆயுத பூஜை அன்று போட்டோ எடுக்கும் போனின் கண்ணிலேயே நான் பொட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு எடுத்த ஒரு படமும் தெரியவில்லை. துடைத்ததும் சரியானது. உங்கள் சென்சாரின் முன்பக்கக் கண்ணாடி துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். அப்படியும் ஓடாவிட்டால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறோம்."

"கீழ உன் பேரப் போடு" என்றார் சார்.

"பேரு போட்டா பேரச் சொல்லித் திட்டுவாரே சார்."

"திட்டட்டும். பேரு தெரிஞ்ச ஆளத் திட்றது கொஞ்சம் கஷ்டம்மா."

கஸ்தூரி என்று போட்டு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. திட்டு வந்த நாட்களைவிட அந்த மௌனம்தான் மோசமாக இருந்தது. டீ நேரத்தில் பர்வீன் கம்ப்யூட்டரைத் திறந்து, "பெருந்துறை வண்டி லேட்டுக்கா" என்று மெதுவாகச் சொல்வாள். வேறு ஏலங்கள் நடந்தன, பஸ்கள் போயின, வாசலில் போய் நிற்க யாருக்கும் மனசில்லை. அப்புறம் ஒரு காலையில் இணையதளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவுதான். அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

கணக்கு பிழைத்தது. பர்வீன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ சந்தோஷமே வரவில்லை. துணி துவைத்துப் பிழிந்து போட்ட மாதிரி இருந்தேன். கேஸ் முடிந்தது, இனி நான் போகலாம் என்று மட்டும் தோன்றியது. தீபாவளிக்குப் பிறகு நின்றுகொள்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். சரிம்மா என்றார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் கூரியர்காரர் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அனுப்பின ஊர் பெருந்துறை. சென்சாரைச் சுத்தியால் அடித்து நொறுக்கித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரே நிமிஷத்தில் முடிவு பண்ணிவிட்டேன். இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை. வந்த பார்சல் வந்ததுதான், முறைப்படி பிரிக்க வேண்டும். சார் போனைப் பிடித்தார். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பி ஆறு பக்கமும் காட்டினேன். முகவரிச் சீட்டு ஒட்டின பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

பர்வீன் குனிந்து பார்த்தாள். "அக்கா, பாருக்கா. பார்கோடு மேல வெக்காம தள்ளி வெச்சிகீறாரு."

டேப்பை அறுத்தேன். உள்ளே முறுக்கு பாக்கெட். அடுக்கடுக்காக யானைகள், எல்லாம் முழு யானை. தும்பிக்கையில் முறுக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். அடியில் ஏதாவது இருக்குமோ என்று கடைசி வரை பார்த்தேன். சீட்டோ கடுதாசியோ எதுவும் இல்லை.

"இத சாப்புடலாமா சார்?" என்று கேட்டேன். வாங்கினவரிடமிருந்து சாமான் வாங்கிக்கொள்ளலாமா, இணையதளத்தில் ஏதாவது விதி இருக்குமோ என்று எனக்கு அது ஒரு கவலை.

"மொதல்ல குறை எதனா இருக்குதா பாரு" என்றார் சார்.

ஒன்றைப் பிரித்துக் கடித்துப் பார்த்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போன் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

தீபாவளிக்குப் பிறகு நான் வேலையை விட்டு நிற்கவில்லை. சார் என்னைச் செய்திப் பக்கமே விடாமல் கொஞ்ச காலம் போட்டோ மட்டும் எடுக்க வைத்தார். கோடைக்குள் சோறு இறங்க ஆரம்பித்துவிட்டது. குக்கரில் டிங் சத்தம் கேட்பது முழுசாகப் போகவில்லை, குறைந்தது. அந்த மாதிரி ஆட்கள் அப்புறமும் வந்தார்கள், பர்வீன் சத்தமாகப் படித்தாள். என்னால் முடிகிற வரைக்கும் அங்கேயே வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பெருந்துறைக்காரர் அதன் பிறகும் எங்களிடம் ஏலம் எடுத்தார். சாமான் போய்ச் சேர்ந்தால் "வந்துருச்சுங்க" என்று மட்டும் எழுதுவார். பொட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

சார் இப்போது இல்லை. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விட்டார். ஏலத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று பர்வீன் சொன்ன அன்றைக்கு கடையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டு, பெருந்துறைப் பெட்டியைப் பிரித்த அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். அதில் யார் முகமும் இல்லை. ஒரு பெட்டியும் என் இரண்டு கையும்தான். டேப்பை அறுக்கும்போது கை அப்படி நடுங்குகிறது, எனக்கே பாவமாக இருந்தது. முதல் யானையை வெளியே எடுத்ததும் நடுக்கம் நிற்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்கிறது. கடைசியில் படம் சிரிப்பில் ஆடுகிறது, அப்புறம் சாருடைய குரல்.

"நிறுத்தட்டுமாம்மா?"

"இருங்க சார்" என்கிறேன் நான். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."